கண்மாய்க்குள் கிடந்த இடது இறக்கை

2022 மார்ச் 9, புதன்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். மாடியில் தொங்கவிட்டிருக்கும் வெப்பமானி 24 டிகிரி காட்டியது. தென்கிழக்குக் காற்று, லேசாக. குழாயில் தண்ணீர் 5.15க்கு வந்து 5.40க்கு நின்றது, ஏழு குடம் பிடித்தோம். காபி, குளியல், நாளிதழ். மனைவிக்கு மாத்திரைகளை எடுத்துவைத்தேன். 7.20க்கு ராமநாதபுரத்தில் மண்டபம் பேருந்து ஏறினேன். பையில் டார்ச், சிறிய திருப்புளி, எமரித் தாள், கைப்பிடி வைத்த முகம்பார்க்கும் கண்ணாடி, மண்ணெண்ணெய் ஒரு சிறு பாட்டில், பென்சில் இரண்டு, நோட்டு ஒன்று. ஓய்வு பெற்று ஒரு வருடம் எட்டு மாதம் ஆகியிருந்தது. இந்தப் பையை அதன்பின் அன்றுதான் எடுத்தேன்.

என்னை அனுப்பியவன் செல்வகுமார். விமானப் பராமரிப்பில் எனக்குக் கீழே வேலை கற்றவன். இப்போது என் நாற்காலியில் இருக்கிறான். முந்தின வாரம் போன் செய்தான்.

"அண்ணே, மண்டபத்துல ஒரு ஐஸ் பேக்டரிக்குப் பின்னாடி ரெட்டை றெக்க விமானம் ஒண்ணு கெடக்காம். அந்தக் காலத்துல வயலுக்கு மருந்தடிச்சதாம். மியூசியத்துக்கு எடுக்கப்போறாக. அது எந்த விமானம், என்ன வரலாறுன்னு யாராச்சும் எழுதிக் கொடுக்கணுமாம். அதத் தொட்டு வேல பாத்ததுல நீங்க ஒருத்தர்தாண்ணே மிச்சம்."

"பார்க்கிறேன்" என்றேன்.

"அப்படியே, அப்ப எப்படி வேல பாத்தீகன்னும் ரெண்டு பக்கம் எழுதுங்க. இப்ப வாரவன்லாம் கம்ப்யூட்டர்ல டிக் போட்டே விமானத்தப் பறக்க விட்டுர்றான். படிக்கட்டும்."

அவன் கேட்ட இரண்டு பக்கம்தான் இப்படி நீண்டுவிட்டது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சென்னையில் இரண்டு வருடம். விரல்களுக்குப் பழகும்வரை கஷ்டம், பழகியபின் எப்படிப் பழகியது என்று மறந்துவிட்டது. எண்பத்து மூன்றில் மருந்து தெளிக்கும் யூனிட்டில் சேர்ந்தேன். ராமநாதபுரத்துக்குக் கிழக்கே கருவேலங்காட்டுக்கு நடுவே ஒரு பழைய மண் ஓடுதளம், தகரக் கொட்டகை, இரண்டு விமானங்கள். இரண்டும் ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துப் பிறந்தவை. மேலே ஒரு ஜோடி இறக்கை, கீழே ஒரு ஜோடி, நடுவே குறுக்குக் கம்பிகள், ஒரே ஓர் இருக்கை, அதற்கு முன்னால் மருந்துத் தொட்டி. பதிவெண்ணில் கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. மூத்தவள், இளையவள் என்று கூப்பிடுவோம்.

தை மாதத்தில் காலை ஆறரைக்கு எஞ்சினைத் திருப்பினால் மூன்று முறை இருமிவிட்டு நான்காவதில் பிடிக்கும். புகை பனியோடு கலந்து தரையை ஒட்டி நகரும். சக்கரங்கள் தெரியாது. இருவரும் மேகத்தின்மேல் இறக்கிவைத்ததுபோல நிற்பார்கள். காட்டுக்கு அப்பாலிருந்து கடல் சத்தம் வரும். எஞ்சின் பிடித்ததும் அது நின்றுவிட்டதுபோல் இருக்கும். எத்தனையோ காலைகளில், வேலைக்கு வந்திருக்கிறோம் என்பதையே நான் சில நிமிடங்கள் மறந்திருக்கிறேன்.

எங்கள் தலைமை இன்ஸ்பெக்டரை எல்லோரும் சீஃப் என்போம். ஒல்லியான மனிதர். எவரையும் ஒருமையில் கூப்பிட்டதில்லை. திட்ட வேண்டியிருந்தால் "தாங்கள்" என்று ஆரம்பிப்பார். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவரவர் வேலையை மறுபடி சரிபார்க்க ஓடுவோம். நட்டுகளைச் சோதிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவுவார். "கண்ணு நேத்துப் பாத்ததையே இன்னைக்கும் பாத்துத் தொலைக்கும். விரல் அப்படி இல்லை" என்பார்.

அவர் வைத்திருந்த ஒரு வழக்கத்தை வேறு எங்கும் நான் பார்க்கவில்லை. இறக்கைகளின் அடியில் உள்ளங்கை அகலத்தில் வட்ட மூடிகள் உண்டு. உள்ளே ஓடும் கம்பிகளைப் பார்க்க அவற்றைத் திறக்க வேண்டும். வேலையை முடித்தவர், மூடுவதற்கு முன், மூடியின் உட்பக்கத்தில் பென்சிலால் தன் பெயரையும் தேதியையும் எழுத வேண்டும். பேனா கூடாது, மை கரைந்துவிடும், பென்சில் கரையாது. சீஃப் வாரம் ஒருமுறை ஏதாவது ஒரு மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் பெயரைப் பள்ளிக்கூட வாத்தியார்போல உரக்கப் படிப்பார். "வேலுச்சாமி!" நான் எங்கிருந்தாலும் "உள்ளேன் ஐயா" என்று கத்த வேண்டும். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

ஒருமுறை என் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அச்சடிச்ச மாதிரி எழுதியிருக்கீங்களே. ஒரு எண்ணெய்க் கறைகூட இல்லையே!" என்றார். அவரிடம் நான் வாங்கிய ஒரே பாராட்டு அது. அன்றைய டைரியில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்.

இனி இருளாண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நயினார்கோவிலுக்கு வடக்கே ஒரு கிராமத்துக்காரர். எண்பத்தாறில் அவருக்கு இருபது வயது இருக்கும். மருந்து தெளிக்கும் வயலின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு வெள்ளைக் கொடியோடு இருவர் நிற்பார்கள். விமானி, எங்களுக்குக் கேப்டன், ஒரு கொடியிலிருந்து மறு கொடிக்கு நூல் பிடித்ததுபோல் பறப்பார். விமானம் தலைக்கு மேலே வருவதற்குள் கொடிக்காரர் பக்கவாட்டில் பதினெட்டு எட்டு எடுத்துவைத்து நகர்ந்து, அடுத்த வரிசைக்குக் கொடி பிடிக்க வேண்டும். அந்த ஊரில் அந்தத் தையில் ஒரு முனைக்கு இருளாண்டி.

மூன்றாம் நாள் காலை இளையவள் விழுந்தாள். தாழ வந்தவள் திடீரென்று இடப்பக்கம் சரிந்து, கண்மாய்க் கரைப் பனையில் மோதினாள். கீழ் இடது இறக்கை பிய்ந்து கண்மாய்க்குள் போய்விட்டது. மீதி, சேற்று வயலில் வயிறு தேய்த்து நின்றது. ஜீப்பில் நாங்கள் போய்ச் சேர நாற்பது நிமிடமானது. கேப்டனை அதற்குள் மாட்டுவண்டியில் ஏற்றியிருந்தார்கள். வரப்பில் இருளாண்டி அதே இடத்தில் நின்றார், கொடியைத் தூக்கிப் பிடித்தபடி. "ஏலே, கொடியக் கீழ போடுலே" என்று யாரோ கத்தினார்கள். அவர் போடவில்லை.

மறுநாள் விசாரணை அதிகாரி வந்தார். இறக்கை கண்மாய்த் தண்ணீருக்கடியில் கிடந்தது; நெஞ்சளவு ஆழம், கீழே சகதி. அவர் இரண்டு நாள்தான் இருந்தார், அதை வெளியே எடுக்கவில்லை. இருளாண்டியைக் கேட்டார்: "நீ ஏன்ப்பா நகரலை?"

"பாத்துக்கிட்டே நின்னுட்டேன்யா."

"எதை?"

"அதத்தான்."

அதிகாரி என்னைப் பார்த்து, "உங்க கையெழுத்து நல்லாயிருக்கே, நீங்களே வாக்குமூலத்தை எழுதுங்க" என்றார். எழுதினேன். 'கொடியுடன் நகர வேண்டிய நேரத்தில் நகராமல் நின்றுவிட்டேன்.' இருளாண்டி எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். வரிசை தெரியாமல் விமானி தடுமாறியதாகக் கோப்பு மூடப்பட்டது.

கேப்டன் பெங்களூர்க்காரர். இடுப்பெலும்பு உடைந்து மதுரையில் படுத்திருந்தார். போய்ப் பார்த்தேன். அரைகுறைத் தமிழில், "வேலு, ஸ்டிக்ல வெயிட் இல்லே. தயிர்ல ஸ்பூன் விட்ட மாதிரி" என்றார். விமானத்தைத் திருப்பும் கோலைச் சொன்னார். மருந்து மயக்கம் என்று நினைத்தேன். அவர் பிறகு பறக்கவில்லை.

இருளாண்டியின் குடும்பம் அந்த ஊர்க் கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சி. மடையைத் திறப்பதும் அடைப்பதும், யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்ப்பதும் அவர்கள் உரிமை. அவருடைய அய்யாவுக்குப் பிறகு அவருக்கு வர வேண்டியது. ஊர்க்கூட்டத்தில், "நிக்க வேண்டிய எடத்துல நிக்கத் தெரியாதவன் மடையத் தொறக்கவா?" என்று கேட்டு, சித்தப்பா மகனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பல வருடம் கழித்துப் பரமக்குடி பேருந்து நிலையத்தில் அவரைச் சந்தித்தபோது அவரே சொன்னது இது.

"நல்லாருக்கீகளா சார்? நான் இப்ப ஏரோப்ளேன் இருளாண்டி. ஏரோப்ளேன இறக்குனவன்னு ஊரெல்லாம் பேரு. பஸ்ல டிக்கெட்டு கேக்காம விடுவாகன்னு பாத்தா, அதுக்கு மட்டும் அந்தப் பேரு செல்லமாட்டேங்குது."

நான் சிரித்தேன். இன்றுவரை அந்தச் சிரிப்புக்காக வெட்கப்படுகிறேன்.

யூனிட் மூடப்பட்டது. மூத்தவள், இளையவள் இருவரின் மிச்சங்களும் ஒரே நாளில் ஏலம் போயின. நான் மதுரை விமான நிலையப் பராமரிப்புக்குப் போய், அங்கேயே ஓய்வு பெற்றேன்.

மண்டபத்தில் இறங்கியபோது மணி 8.25. ஐஸ் பேக்டரிக்காரர் காதர் மைதீன், வாசலில் நின்று என் பையைப் பார்த்தார்.

"வாங்க சார். பொண்ணு பாக்க வாரவக மாதிரி நேரத்துக்கு வந்துட்டீக. பொண்ணுக்குத்தான் மூஞ்சி இல்ல, மன்னிச்சிக்கிருங்க."

முன்பகுதியைப் பழைய இரும்புக்காக என்றோ வெட்டி எடுத்திருந்தார்கள். எஞ்சின் இல்லை. உடலின் பின்பாதியும் வாலும் நின்றன; மூன்று இறக்கைகள் சுவரோடு சாய்த்துக் கிடந்தன. படகுகளுக்காக உள்ளே ஐஸ்கட்டி உடைத்துக்கொண்டிருந்தார்கள். பின்கதவு வழியாகக் குளிர்ப்புகை தரையை ஒட்டி வந்து வாலைச் சுற்றியது. சக்கரம் மறைந்தது. நான் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றேன். எஞ்சின் எப்போது இருமும் என்று காது காத்திருந்தது.

"எங்க வாப்பா ஏலத்துல எடுத்தது. எஞ்சின வள்ளத்துல மாட்டலாம்னு கனாக் கண்டாரு. உம்மா இன்னைக்கும் அதச் சொல்லி வைவாக" என்றார் காதர் பாய்.

அடையாளத் தகடு பிடுங்கப்பட்டிருந்தது. வாலில் எழுதிய பதிவெண்ணை உப்புக்காற்று தின்றிருந்தது. எமரித் தாளை நனைத்துத் தேய்த்தேன். மஞ்சள், அதற்குக் கீழே சாம்பல், அதற்குக் கீழே வெள்ளி. எழுத்துகளின் நிழல் தெரிந்தது. கடைசி எழுத்து வர வேண்டிய இடத்தில், வாலைப் போர்த்தியிருந்த துணியே இல்லை. வால் சக்கரத்தின் கவட்டையில் பழைய பற்றவைப்பு ஒன்று இருந்தது. இளையவளுக்கு அப்படி ஒன்று செய்த நினைவு. ஆனால் நினைவை அறிக்கையில் எழுத முடியாது. சீஃப் இருந்தால் "தாங்கள்" என்று ஆரம்பித்திருப்பார்.

இறக்கைகளுக்கு வந்தேன். மூன்றாவதில் காய்ந்த களிமண் அப்பியிருந்தது. கடற்கரை மணல் இல்லை, கண்மாய் வண்டல். கோடையில் தண்ணீர் வற்றியபின் எடுத்து ஏலத்தில் சேர்த்திருக்கிறார்கள். கீழ் இடது இறக்கை. மூடிகளின் திருகுகளில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். இரண்டு அசையவில்லை. மூன்றாவது 10.40க்குத் திறந்தது. அதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன்.

வேலுச்சாமி. கீழே தேதி: விபத்துக்கு நான்கு நாள் முன்பு. ஓர் எண்ணெய்க் கறை இல்லை.

இளையவள்தான். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. மூடியை மாட்டிவிட்டு வந்திருக்கலாம். திறந்த ஓட்டைக்குள் கண்ணாடியை நுழைத்து டார்ச் அடித்தது பழக்கதோஷம்.

விமானத்தைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் இறக்கை ஓரத்தில் ஒரு மடல் உண்டு. அதற்குப் போகும் கம்பி, நடுவே ஒரு சிறிய திருகு இணைப்பால் கோக்கப்பட்டிருக்கும், டர்ன்பக்கிள் என்போம். எஞ்சின் அதிர்வில் அது தானாகச் சுழன்று கழலாமல் இருக்க, அதன் ஓட்டை வழியே மெல்லிய கம்பி கோத்து முறுக்கிப் பூட்ட வேண்டும். அந்த இணைப்பு கழன்று கிடந்தது. மோதலில் இழுபட்டுப் பிய்ந்திருந்தால் அதன் திருகுப் புரிகள் சிதைந்திருக்கும். புரிகள் புதிதுபோல முழுசாக இருந்தன. பூட்டுக்கம்பி ஓட்டை காலி. ஒரு துணுக்குக்கூட இல்லை. கம்பி இழுபட்டு அறுந்த கீறலும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலை விட்டுத் தடவினேன். விரலும் அதையேதான் சொன்னது.

தயிரில் ஸ்பூன் விட்டதுபோல.

"என்ன சார், ரெண்டுல எதுன்னு தெரிஞ்சிச்சா?" என்றார் காதர் பாய்.

"இளையவள். விழுந்தவள்."

"அப்ப விழுந்தது இதுதானா! எவனோ ஒரு பய கொடியப் புடிச்சிக்கிட்டு வேடிக்கை பாத்து நின்னதுல விழுந்துச்சுன்னு வாப்பா சொல்வாரு."

அந்தக் கதை ஐம்பது மைல் கடந்து கடற்கரை வரை வந்து, ஒரு தலைமுறை தாண்டியும் உயிரோடு இருந்தது.

வீட்டுக்கு 1.45க்கு வந்தேன். எண்பத்தாறாம் வருட டைரியை எடுத்தேன். என் டைரி பொய் சொல்லாது. மூடியில் இருந்த தேதியில் இப்படி இருந்தது:

'காலை 6.10. இளையவளின் இறக்கை மூடிகள் பதினான்கிலும் பெயர், தேதி எழுதி முடித்தேன். கை சுத்தமாக இருக்கும்போதே எழுதுவது நல்லது. 11.30. பூட்டுக்கம்பிச் சுருள் தீர்ந்தது. கீழ் இடது பாக்கி. மதுரைக்குச் சொல்லியாயிற்று. பிற்பகல் கம்பி வாங்க ஸ்டேஷனுக்குப் போனேன், பார்சல் வரவில்லை. 5.20. மூடிகளில் பெயர் பார்த்து, மூடினேன்.'

நான்கு முறை படித்தேன். எண்ணெய்க் கையால் எழுதினால் அசிங்கமாக இருக்கிறதே என்று, வேலைக்கு முன்பே பெயர்களை எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு. மாலையில் களைத்து வந்தேன். மூடியை எடுத்தேன். உள்ளே என் பெயர், அச்சடித்ததுபோல. பெயர் இருந்தால் வேலை முடிந்தது என்று பொருள். என் கையெழுத்தை நானே நம்பினேன். யாருக்கும் தெரியாமல் தவறு நடக்கக்கூடாது என்று சீஃப் செய்த ஏற்பாட்டை என் ஒழுங்கு உள்ளிருந்தே உடைத்திருக்கிறது. அந்த ஒழுங்குக்குத்தான் அவர் என்னைப் பாராட்டினார்.

மாலை 6.05க்குச் செல்வகுமாரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்ணே, அவுக கேட்டது எந்த விமானம்னு மட்டுந்தான். அத மட்டும் எழுதுங்க."

"மிச்சம்?"

"மிச்சத்த எழுதி என்னண்ணே ஆகப்போகுது? முப்பத்தாறு வருசமாச்சு. கேப்டனும் போய்ச் சேந்துட்டாரு. அந்தக் கொடிக்காரரு இந்நேரம் மறந்திருப்பாரு."

"மண்டபத்தில் ஐஸ் விற்கிறவருக்கே ஞாபகம் இருக்கிறதே செல்வா."

"முப்பத்தேழு வருசச் சர்வீஸ்ணே. ஒரு மெமோ வாங்காத ஆளு நீங்க. நம்ம பசங்கட்ட ஒங்களத்தான் சொல்லிக் காட்டுவேன்."

"இதையும் சேர்த்துச் சொல்."

அறிக்கையை எழுதினேன். முதல் பக்கத்தில் இளையவளின் அடையாளம். இரண்டாம் பக்கத்தில் அவள் விழுந்த காரணமும், மூடியவர் பெயரும். 9.30க்குப் படுத்தேன். கண்ணை மூடினால் பனி. அதற்குள் ஒரு வெள்ளைக் கொடி அசையாமல் நின்றது.

மறுநாள், மார்ச் 10, காலை முதல் வேலையாக 5.30 பேருந்தில் நயினார்கோவில் போய், அங்கிருந்து ஆட்டோவில் அந்த ஊருக்குப் போனேன். 7.05. டீக்கடையில் ஆறு பேர் இருந்தார்கள். பெஞ்சின் கடைசியில் இருளாண்டி. தலை முழுக்க நரைத்திருந்தது. வீட்டுக்குத் தனியாக அழைத்துப்போய்ச் சொல்வதுதான் எனக்குச் சுலபம். ஆனால் ஊர் அவரை எல்லோர் முன்னாலும்தான் பழித்தது. அதனால் அங்கேயே நின்று அறிக்கையின் இரண்டாம் பக்கத்தைப் படித்தேன்.

"சார், தமிழ்ல சொல்லுங்க. நாங்க கலெக்டருக்குப் படிக்கல" என்றார் கடைக்காரர்.

"விமானம் இவரால் விழவில்லை. ஒரு கம்பியைப் பூட்டாமல் விட்டதால் விழுந்தது. பூட்ட வேண்டியவன் நான்."

பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர், "ஏலே இருளாண்டி, ஒன் பட்டத்தக் கேட்டு ராம்நாட்டுல இருந்து ஆளு வந்திருக்குலே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சொன்னவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

இருளாண்டி என்னையே பார்த்தார். "நான் அந்தப் பதினெட்டு எட்டு நகந்திருந்தா?"

"நகர்ந்திருந்தாலும் விழுந்திருக்கும்."

"நெசமாவா?"

"நெசமா. அன்று வாக்குமூலத்தை எழுதியதும் நான்தான். என்னை மன்னிச்சிருங்க."

அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கையிலிருந்த டம்ளரைப் பெஞ்சில் வைத்தார்.

"அப்ப, நான் அதப் பாத்ததுல தப்பில்லையா சார்?"

"இல்லை."

"கெழக்க இருந்து வந்துச்சு. கீழ பூராம் பனி. சத்தம் மொதல்ல வருது, ஆளக் காணோம். பெறகு பனிக்குள்ள இருந்து எந்திரிச்சு வருது சார், மஞ்சளா. ரெண்டு றெக்கைக்கும் நடுவுல சூரியன். எம்புட்டு அழகு! இத்தன வருசமா என்னைய அத நெனைக்கவே நான் விட்டதில்ல. நெனப்பு வந்தா எந்திரிச்சுப் போயி வேற வேல பாப்பேன்."

கடைக்காரர் அடுப்பைத் தணித்தார். பக்கத்தில் இருந்தவர் இப்போதைய நீர்ப்பாய்ச்சி, இருளாண்டியின் சித்தப்பா மகன். அவர், "எம்புட்டுப் பெருசு இருக்கும்ணே?" என்று கேட்டார்.

இருளாண்டி எழுந்து நின்று, இரண்டு கைகளையும் முழுக்க விரித்தார்.